அரசு மரத்தோட்டம்: நட்டது எத்தனை, நிற்பது எத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வனத்துறையின் நடவுகள், ஏரி-கண்மாய் உள்வாய்களில் (நீர் தேங்கும் பரப்பில்) வளர்க்கும் கருவேலந்தோப்புகள், வனத் தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் ஆகியவற்றை வளர்ப்பதும் அவற்றுக்குக் கணக்கு வைப்பதும் பற்றிய கேள்வி பதில்கள் இவை. களப்பணியாளர், ஊராட்சிப் பிரதிநிதிகள், தணிக்கையில் உட்காருபவர்கள், ஊரில் நட்ட மரம் எங்கே போனது என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதியது. உதாரணங்கள் தமிழ்நாட்டை ஒட்டியவை.

அரசு மரத்தோட்டம் என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

ஒரே பெயரில் நாலைந்து வகை இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை நட்டு வளர்க்கும் தேக்கு, சந்தனம் போன்றவை முதல் வகை. இதற்கு வேர் நீளம். சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த நிலம்பூரில் கலெக்டர் கொனோலி தொடங்கிய தேக்கு நடவு 1840களைச் சேர்ந்தது. இரண்டாவது, 1974இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் தைலமரம், முந்திரி போன்றவை. இது கம்பெனி, லாப நட்டக் கணக்கு உண்டு. மூன்றாவது, 1980களின் தொடக்கத்தில் சுவீடன் உதவியோடு வந்த சமூகக் காடுகள் திட்டத்தின் வாரிசுகளான ஏரி உள்வாய்க் கருவேலந்தோப்புகள். பிறகு சாலையோர மரங்கள், காட்டுநிலத்தை வேறு பயனுக்குக் கொடுத்ததற்கு ஈடாக நடும் இழப்பீட்டு நடவுகள்.

எந்த வகை என்பது முதலில் தெரிய வேண்டும், ஏனென்றால் நிலம் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது, பணம் மூன்றாமவருடையது என்பது இங்கே சகஜம். கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மரம் வைத்தது வனத்துறை. வெட்டும்போது வருமானத்தில் பங்கு கேட்பது ஊராட்சி. இவர்கள் எல்லோரும் நடவின்போதே கையெழுத்திட்ட ஒரு காகிதம் பதிவேட்டில் இல்லையென்றால், பத்து வருடம் கழித்து ஏலத்தன்று சண்டைதான்.

கணக்கு என்றால் செலவுக் கணக்குதானே?

அப்படி நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் பிறக்கிறது. ஒரு தோட்டத்துக்கு மூன்று கணக்கு: நிலக் கணக்கு (எத்தனை ஹெக்டேர், எந்த சர்வே எண்), மரக் கணக்கு (எத்தனை நட்டது, செத்தது, மாற்றியது, வெட்டியது, நிற்பது), பணக் கணக்கு. மூன்றில் பணக் கணக்கு மட்டும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் அதைக் கருவூலமும் தணிக்கையும் கேட்கின்றன. மரக் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஆகவே அது நடவு நாளன்று எழுதிய எண்ணோடு நின்றுவிடுகிறது.

மரத்தை மளிகைக் கடை சரக்குபோல எழுத வேண்டும். தொடக்க இருப்பு, வரவு, கழிவு, இறுதி இருப்பு. இந்த வருட இறுதி இருப்பே அடுத்த வருடத் தொடக்க இருப்பு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அதில் வந்து விழும்.

தோட்டப் பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு தோட்டத்துக்கு ஒரு பதிவேடு, அதுவும் தோட்டம் இருக்கும்வரை. பணியாளர் மாறுதலாகிப் போகும்போது ஒப்படைப்புப் பட்டியலில் அது பெயரோடு இருக்க வேண்டும். உள்ளே: நிலத்தின் சர்வே எண்ணும் எல்லை வரைபடமும், மண்ணின் தன்மை, ஒப்பளிப்பு (செலவுக்கு அனுமதி தரும்) ஆணையின் எண்ணும் நாளும், நாற்று எந்த நாற்றங்காலிலிருந்து வந்தது, விதை எங்கே சேகரித்தது, குழி அளவு, இடைவெளி, நட்ட தேதிகள், அந்த வாரம் பெய்த மழை, ஒவ்வொரு பராமரிப்புப் பணியின் தேதியும் செலவும், உயிர்ப்புக் கணக்கெடுப்புத் தாள்கள் (நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற எண்ணிக்கை), தீ, மேய்ச்சல், நோய் பற்றிய குறிப்புகள், வந்து பார்த்த அதிகாரிகளின் எழுத்து.

மழையை எழுதுவது வீண்வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கன்று செத்ததற்குக் காரணம் வறட்சியா கவனக்குறைவா என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு வரிதான் பணியாளரைக் காப்பாற்றும்.

பரப்பை ஜி.பி.எஸ். வைத்து அளந்துவிட்டோம். பிறகும் ஏன் தகராறு?

இரண்டு காரணம். முதலாவது, மொத்தப் பரப்புக்கும் நட்ட பரப்புக்கும் வித்தியாசம் போடாமல் விடுவது. 20 ஹெக்டேர் துண்டில் பாறை, ஓடை, வண்டிப்பாதை, ஏற்கெனவே நிற்கும் மரக்கூட்டம் எல்லாம் சேர்ந்து 2.4 ஹெக்டேர் என்றால் நட முடிந்தது 17.6 மட்டும். 3க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,667 கன்று. 17.6 ஹெக்டேருக்கு ஏறத்தாழ 29,340. பதிவேட்டில் 33,340 என்று இருந்தால், அதை எழுதியவர் வயலில் எண்ணவில்லை, மேசையில் பெருக்கியிருக்கிறார்.

இரண்டாவது, கைபேசியின் பிழை. 100 மீட்டர் சதுரமான ஒரு ஹெக்டேரில் நாலு பக்கமும் 5 மீட்டர் வெளியே தள்ளி நடந்தால் 110க்கு 110, அதாவது 1.21 ஹெக்டேர். 21 சதவீதம் கூடிவிடுகிறது! சிறு துண்டுகளில்தான் இந்தப் பிழை கடிக்கும். மூலைகளில் ஒரு நிமிடமாவது நின்று புள்ளி எடுங்கள், இரண்டு மூலைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நாடாவில் இழுத்துச் சரிபாருங்கள், மூலைக்கல் நடுங்கள். கல் இல்லாத எல்லை, படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆடு மேய்ப்பவருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தெரியாது.

ஹெக்டேருக்கு எத்தனை கன்று?

2க்கு 2 மீட்டர் என்றால் 2,500. 3க்கு 3 என்றால் 1,111. 4க்கு 4 என்றால் 625. 5க்கு 5 என்றால் 400. சரிவில் இது மாறும். வரைபடத்தின் ஹெக்டேர் கிடைமட்டமானது. நாடா தரையோடு சாய்ந்து ஓடுகிறது. 20 டிகிரிச் சரிவில் தரையில் அளந்த 3 மீட்டர், கிடையில் 2.82 மீட்டர்தான். ஆக வரைபட ஹெக்டேருக்குக் கன்று கொஞ்சம் அதிகம் போகும். மலைச்சரிவில் நாற்று போதவில்லை என்று வரும் புகார்களில் சில இதனால் வருபவை. எல்லாமே திருட்டு அல்ல.

நாற்றங்கால் கணக்கை எப்படி வைப்பது?

நிரப்பிய பை, விதைத்த பை, முளைத்தது, கழித்தது, தரம் பிரித்தது, அனுப்பியது, மிச்சம் என்று வாரம் ஒரு வரி. நடவுக்கு 100 வேண்டுமென்றால் 120 பைக்குக் குறையாமல் தொடங்க வேண்டும். முளைப்பு, நோய், கழிவு, வண்டியில் உடைவது, பின்னால் மாற்று நடவு (செத்த கன்றின் இடத்தில் வேறு நடுவது) எல்லாம் அந்த மிச்சத்தில்தான் அடங்க வேண்டும்.

கழிப்பதில் தயக்கம் கூடாது. பை நாற்று ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்தால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போகும். எடுக்கும்போது அறுந்து, நட்ட பிறகு வாடும். அதைத் தவிர்க்கத்தான் பைகளை அவ்வப்போது இடம் மாற்றி அடுக்குவது. பைக்குள்ளேயே சுருண்ட வேர் இன்னும் மோசம். முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது, பிறகு காற்றில் சாயும். எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காகப் போன வருட நாற்றை இந்த வருட வரவில் சேர்ப்பது பழைய நோய். மிச்சத்தை வயதுவாரியாகத் தனி வரியில் காட்டுங்கள்.

அனுப்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தண்ணீரையும் நிழலையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். தேக்குக்குப் பை தேவையில்லை. பெருவிரல் பருமனுள்ள நாற்றை, தண்டில் இரண்டு மூன்று செ.மீ., வேரில் 15 முதல் 20 செ.மீ. விட்டு நறுக்கிய ஸ்டம்பு போதும். கடப்பாரையால் துளை போட்டு இறக்கி, பக்கத்தில் காற்று நிற்காமல் மண்ணை இறுக்க வேண்டும். காற்று நின்றால் அழுகும்.

நட்ட எண்ணிக்கையை நடவு நாளிலேயே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, செலவில்லாத வழி. நடும்போது பையைக் கிழித்துத்தான் நட வேண்டும். பையோடு நட்டால் வேர் வெளியே வராது, கன்று சாகும்; இது இன்னும் நடக்கிறது. கிழித்த பைகளை நூறு நூறாகக் கட்டி மாலையில் எண்ணுங்கள். நாற்று இறங்கிய சீட்டு, வெற்றுப் பை, குழி எண்ணிக்கை மூன்றும் ஒத்துவர வேண்டும். பிளாஸ்டிக்கும் காட்டில் தங்காது.

குழி அளவில் 5 செ.மீ. குறைந்தால் என்ன?

45 செ.மீ. கன சதுரக் குழியின் மண் 0.091 கன மீட்டர். 40 செ.மீ. என்றால் 0.064. ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. குறைந்ததில் மண்வேலை 30 சதவீதம் குறைந்துவிட்டது. 1,111 குழிக்கு 101 கன மீட்டருக்குப் பணம், தோண்டியது 71 கன மீட்டர். கூலிப்பணம் ஒருபக்கம் இருக்கட்டும், செம்மண் சுக்கான் நிலத்தில் அந்த 5 செ.மீ. ஆழம்தான் முதல் கோடையில் வேருக்குக் கிடைக்கும் ஈரம்.

அளவை அளவுப் புத்தகத்தில், களத்தில் சொல்லும் 'எம்.புக்'கில், குழி திறந்திருக்கும்போதே எழுத வேண்டும். மேலதிகாரியின் மறு அளவும் அப்போதே. மண் தள்ளி மூடிய பிறகு அளந்ததாக எழுதுவது கற்பனை. குழிகளைச் சில வாரம் வெயிலில் ஆறப்போட்டு, முதல் மழை பெய்து மண் இறங்கிய பின் மேல்மண்ணைப் போட்டு மூடி நடுவதுதான் வழக்கம். ஆகவே அளக்க நேரம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

கண்மாய்க்குள் நடுவதற்குத் தனி முறையா?

ஆமாம். உள்வாயில் கன்றைக் கொல்வது வறட்சியைவிடத் தேங்கும் நீர். ஆகவே குழிக்குப் பதிலாக மண்திட்டு போட்டு, அதன் உச்சியிலோ தோளிலோ நடுகிறார்கள். நாட்டுக் கருவேலம் முழங்கால் தண்ணீரில் வாரக்கணக்கில் நிற்கும், ஆனால் உச்சி மூழ்கக் கூடாது. எனவே நீர் ஏறுவதற்கு முன் கன்று உயர்ந்திருக்க வேண்டும். மடை, கலுங்கு (மிகுநீர் வழியும் இடம்), கரை ஆகியவற்றை ஒட்டி நடக் கூடாது; வேர் கரையைப் பிளக்கும், கலுங்கில் செத்தை அடைக்கும். ஆழமான நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். அங்கே எப்படியும் பிழைக்காது, கணக்கில் மட்டும் நிற்கும்.

இன்னொரு தலைவலி சீமைக் கருவேலம். பராமரிப்பு நின்ற இரண்டாம் வருடமே உள்ளே புகுந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு பச்சையாகத்தான் தெரியும். கணக்கெடுப்பவர் முள்ளைப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. இலையையும் காயையும் பார்த்தால் போதும். நாட்டுக் கருவேலங்காய் மணிமாலைபோல இடையிடையே சுருங்கியிருக்கும், சீமைக் கருவேலங்காய் மஞ்சளாக, பெரும்பாலும் நேராக இருக்கும். சீமைக் கருவேலத்தை உயிர்ப்பில் சேர்த்த பதிவேடு பொய்ப் பதிவேடு.

உயிர்ப்பு சதவீதத்தை எப்போது, எப்படி எடுப்பது?

வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர், நவம்பரில் நடுகிறோம். ஜனவரியில் எண்ணினால் எல்லாத் தோட்டமும் 90க்கு மேல் காட்டும். அது நாற்றங்காலின் திறமைக்கும் மழைக்கும் கிடைத்த மதிப்பெண். கன்றுக்கு உண்மையான தேர்வு மார்ச் முதல் ஜூன் வரை. ஆகவே இரண்டு முறை எண்ணுங்கள்: மழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடை முடிந்து ஜூலையில் ஒருமுறை. ஒரே முறைதான் முடியும் என்றால் ஜூலையே மேல்.

சிறு துண்டில் முழுமையாக எண்ணலாம். பெரிய தோட்டத்தில் பத்து வரிசைக்கு ஒன்று. ஒன்று முதல் பத்துவரை சீட்டுப் போட்டு ஓர் எண் எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று கடைசிவரை. வரிசைகள் மேட்டிலிருந்து பள்ளம்வரை ஓட வேண்டும். சாவு சிதறி நடப்பதில்லை, திட்டுத்திட்டாக நடக்கும்: பாறைமேடு ஒன்றில் மொத்தமும் போகும், ஓடையோரம் ஒன்றும் போகாது. சாலையோரம் ஐந்து வரிசையைப் பார்த்துவிட்டு எழுதும் சதவீதத்துக்கு மதிப்பில்லை, ஏனென்றால் தண்ணீர் லாரி நின்றது அங்கேதான்.

ஒவ்வொரு குழியையும் நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: நலம், நலிவு, பட்டது, வெற்றுக்குழி. உச்சி காய்ந்து அடியில் துளிர்த்தது நலிவு, அது உயிர்தான். பட்டுப்போன குச்சி நிற்கும் குழிக்கும் வெற்றுக்குழிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். குச்சி இருந்தால் நட்டது நிச்சயம். முதல் கணக்கெடுப்பிலேயே வெற்றுக்குழி அதிகமாக இருந்தால் மேய்ந்ததா, பிடுங்கியதா, நடவே இல்லையா என்று வெற்றுப் பைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்று நடவு செய்த பிறகு சதவீதம் எதன்மேல் போடுவது?

அதிகம் குழம்புகிற இடம் இது, நிதானமாகப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 2,500 நட்டோம். 400 பட்டது. 300 மாற்று நடவு. இப்போது நிற்பது 2,400. 'உயிர்ப்பு 96 சதவீதம்' என்று எழுதுகிறார்கள். உண்மையில் முதல் நடவில் உயிரோடிருப்பது 2,100, அதாவது உயிர்ப்பு 84 சதவீதம். 96 என்பது இட நிறைவு, அதாவது மொத்த இடங்களில் இப்போது கன்று நிற்கும் பங்கு.

அடுத்த வருடம் பழையதில் இன்னும் 50 போகிறது, மாற்று நட்டதில் 90 போகிறது. நிற்பது 2,050, அதோடு 210, ஆக 2,260. இட நிறைவு 90.4 சதவீதம். ஆனால் இதுவரை நட்ட கன்று மொத்தம் 2,800. அதில் உயிரோடிருப்பது 80.7 சதவீதம். மாற்றுக் கன்று பத்தில் மூன்று போனது, பழைய கன்று நாற்பதில் ஒன்றுதான் போனது என்பதும் தெரிகிறது. அதாவது நிலத்தில் குறையில்லை. மாற்று நடவு தாமதமாக, மழை போன பிறகு நடந்திருக்கிறது. இரண்டு எண்ணையும் தனித்தனி வரியில் எழுதினால்தான் இது கண்ணில் படும். ஒரே சதவீதமாகப் பிசைந்தால் மறைந்துவிடும்.

மாற்று நடவை இரண்டாம் வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பக்கத்து மரத்தின் நிழலில் அது எழும்பாது.

மார்ச் 31 ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

மரத்தின் ஆண்டும், மார்ச் 31இல் முடியும் கருவூலத்தின் நிதியாண்டும் ஒத்துப்போகாததால். அக்டோபரில் நடுவதற்கு நாற்று அந்த வருடத் தொடக்கத்திலேயே பைக்குள் இருக்க வேண்டும்; அது முந்தைய நிதியாண்டின் பணம். குழி ஜூலை, ஆகஸ்டில். ஒப்பளிப்பு செப்டம்பரில் வந்தால் நாற்றை வெளியில் வாங்கி, ஆறாத குழியில் நவம்பர் கடைசியில் நட வேண்டியிருக்கும். பிறகு கோடைத் தண்ணீருக்கான ஏப்ரல், மே செலவு அடுத்த நிதியாண்டில் விழுகிறது. புது ஒதுக்கீடு வந்து சேர்வதற்குள் கன்று காய்ந்துவிடும்.

பணத்தைத் திருப்பி ஒப்படைக்க மனமில்லாமல் மார்ச்சில் 'நடவு' காட்டுவதும் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் பாசனமில்லாத நிலத்தில் மார்ச் மாத நடவுச் செலவுச் சீட்டைப் பார்த்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. ஒரே தோட்டத்தின் செலவு நாலைந்து நிதியாண்டுகளின் ரொக்கப் புத்தகங்களில் சிதறிக் கிடக்கும். அதைக் கூட்டிவைக்கும் ஒரே இடம் தோட்டப் பதிவேடு. கூட்டினால் கிடைப்பதைப் பாருங்கள்: உதாரணத்துக்கு ஹெக்டேருக்கு மூன்று வருடத்தில் 90,000 ரூபாய், நட்டது 1,111, நிற்பது 700. நட்ட கன்றுக்கு 81 ரூபாய், நிற்கும் மரத்துக்கு 129 ரூபாய். ஒரு காவலருக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்குமா என்று யோசிக்க இரண்டாவது எண்தான் உதவும்.

துறையின் கணக்கில் மரம் சொத்தாக வருகிறதா?

வருவதில்லை. அரசுக் கணக்கு ரொக்க அடிப்படை. வனத்துறையின் வருவாய்ச் செலவு 2406 என்ற பெருந்தலைப்பில், மூலதனச் செலவு 4406இல், வரவு 0406இல். செலவழித்த வருடம் செலவு, விற்ற வருடம் வரவு. நடுவில் முப்பது வருடம் நின்ற தேக்கு எந்த ஏட்டிலும் ரூபாயாக இல்லை. அதனால்தான் தோட்டப் பதிவேடு தொலைந்தால் தோட்டமே தொலைந்த மாதிரி.

கம்பெனிகளில்?

இண்ட் ஏ.எஸ். (இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) பொருந்துகிற நிறுவனங்களில் தரநிலை 41இன்படி, வெட்டி விற்பதற்காக வளர்க்கும் தைலமரம், சவுக்கு போன்றவை உயிருள்ள சொத்து. ஒவ்வொரு ஆண்டிறுதியிலும் நியாய மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்துக் காட்ட வேண்டும். கூடுதல் குறைவு அந்த வருட லாப நட்டத்துக்குப் போகும். வெட்டிய நொடியிலிருந்து அது சரக்கிருப்பு. முந்திரி, தேயிலை போல மரத்தை விற்காமல் விளைச்சலை மட்டும் எடுப்பவை 'விளைச்சல் தாங்கும் செடிகள்'. அவை தரநிலை 16இன்படி இயந்திரம்போலத் தேய்மானம் காணும். மரத்தில் தொங்கும் முந்திரிக்கொட்டை மட்டும் 41க்குள் வரும். ரப்பரில் ஒரு சிக்கல்: பால் வற்றிய பிறகு மரத்துக்கும் நல்ல விலை உண்டு. கடைசியில் கிடைக்கும் மரம் வெறும் கழிவு விற்பனையா, எதிர்பார்த்த விளைபொருளா என்பதை நிறுவனம் ஆராய்ந்து, காரணத்தோடு எழுத வேண்டும்.

மதிப்பு உயர்ந்தால் அதில் வளர்ச்சியால் வந்தது எவ்வளவு, விலையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லித் தரநிலை ஊக்குவிக்கிறது. பிரிக்காவிட்டால், கூழ்மர (காகிதக் கூழுக்குப் போகும் மரம்) விலை ஏறிய வருடம் பட்டுப்போன தோட்டமும் லாபம் காட்டும்.

வட்டியையும் மறக்க வேண்டாம். 8 சதவீத கூட்டுவட்டியில் இன்று போட்ட 1 லட்சம் ஆறு வருடத்தில் 1.59 லட்சம், பத்து வருடத்தில் 2.16 லட்சம். நடவுச் செலவைவிட வெட்டும் தொகை கூடுதல் என்பதால் மட்டும் தோட்டம் லாபமாகிவிடாது.

புயல், தீ போன்றவற்றில் அழிந்தால் எப்படிக் கழிப்பது?

பழைய பக்கத்தைத் திருத்தக் கூடாது. 2011 டிசம்பரில் தானே, 2018 நவம்பரில் கஜா வந்தபோது கடலோரச் சவுக்கும் முந்திரியும் ஒரே இரவில் சாய்ந்தன. அந்த மாதிரி நாளில் செய்ய வேண்டிய வரிசை இது: உடனே மேலிடத்துக்கு எழுத்தில் தகவல், எல்லையோடு படம், முறிந்தது, சாய்ந்தது, நிற்பது என்று தனித்தனி எண்ணிக்கை, கூட்டுத் தணிக்கை, சாய்ந்த மரத்தின் மீட்பு விற்பனை, அதிகாரமுள்ளவரின் கழிவாணை (கணக்கிலிருந்து நீக்கும் ஆணை), பிறகு மரக் கணக்கில் கழிவு. ஆணை வரும்வரை 'கழிவுக்கு நிலுவை' என்று தனி வரி. சாய்ந்த சவுக்கின் விலை நாளாக நாளாக இறங்கும். மீட்பு விற்பனைக்கான அனுமதியைக் கழிவாணைக்காகக் காக்க வைக்காமல் தனியாகக் கேளுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சை தெரிகிறதே, அது போதாதா?

போதாது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறையாத விதானம் (மரத்தலைகள் மூடும் பரப்பு) இருந்தால் அதைக் காட்டுப் பரப்பாகக் கணக்கிடுகிறது. யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. தென்னந்தோப்பும் சேரும், சீமைக் கருவேலமும் சேரும். இரண்டு வயது நடவு சேராது. அந்தக் கணக்கு வேறு கேள்விக்கான பதில்.

வெட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் குறியிடல். ஒவ்வொரு மரத்துக்கும் வரிசை எண், தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவு, சுத்தியால் அடிக்கும் முத்திரை. முத்திரை இரண்டு இடத்தில் வேண்டும்: மார்பு உயரத்தில் ஒன்று, அடிக்கட்டையில் தங்கும்படி வேரடியில் ஒன்று. வெட்டி முடிந்த பிறகு கட்டைகளை எண்ணினால் குறியிட்ட எண்ணிக்கை வர வேண்டும். முத்திரையில்லாத கட்டை திருட்டு வெட்டு. பொது நிலத்தில் இருப்பவற்றுக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

தடிமரத்தின் கன அளவைப் பெரும்பாலும் கால் சுற்றளவு முறையில் போடுகிறார்கள்: நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 120 செ.மீ., நீளம் 4 மீட்டர் என்றால் 0.30 வர்க்கம் 0.09, பெருக்கினால் 0.36 கன மீட்டர். உருளை வாய்பாட்டில் அதே தடி 0.458. கால் சுற்றளவு எப்போதும் 78.5 சதவீதம்தான் காட்டும். அறுக்கும்போது போகும் சேதாரத்துக்கு விட்ட சலுகை அது. எந்த முறை என்று ஏல அறிவிப்பிலும் பதிவேட்டிலும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் இருப்பில் 21 சதவீதம் காணாமல் போனதுபோலத் தெரியும்.

கூழ்மரம் எடையில் போகிறது. அங்கே கள்ளன் ஈரம். வெட்டியவுடன் 100 டன், அதில் பாதி ஈரம் என்று வைத்துக்கொண்டால் காய்ந்த மரம் 50 டன். ஈரம் 35 சதவீதமாக இறங்கும்போது அதே மரம் 77 டன்தான் நிறுக்கும். யாரும் எதையும் எடுக்கவில்லை, 23 டன் வெயிலில் போய்விட்டது. ஆகவே வெட்டிய நாள், பட்டை உரித்த நாள், ஏற்றிய நாள் மூன்றையும் லாரிச் சீட்டில் எழுத வேண்டும். காலி வண்டி எடையை ஒவ்வொரு நடைக்கும் போடுங்கள். காலையில் எடுத்த ஒரே எடையை நாள் முழுக்க ஓட்டுவது நல்லதல்ல.

தைலமரக் கட்டை மீண்டும் துளிர்க்கிறது. அது புதுத் தோட்டமா?

இல்லை. பழைய தோட்டத்தின் அடுத்த சுழற்சி. புது நடவுப் பரப்பில் சேர்த்தால் அதே நிலம் இரண்டு தடவை எண்ணப்படும். மூன்று மாதம் கழித்துத் துளிர்த்த கட்டைகளை எண்ணுங்கள். அதுதான் புதுத் தொடக்க இருப்பு. தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், தண்ணீர் வடியச் சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டினால் துளிர் நன்றாக வரும். பட்டை உரிந்த கட்டை துளிர்க்காது. ஒரு கட்டைக்கு ஒன்றோ இரண்டோ நல்ல தளிரை விட்டு மீதியைக் கழிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டால் புதர்தான் மிஞ்சும்.

இழப்பீட்டு நடவில் தனி விதியா?

காட்டுநிலம் எவ்வளவு போனதோ அவ்வளவு காடல்லாத நிலத்தில் நட வேண்டும். அனுமதிக்கப்பட்ட நேர்வுகளில் மட்டும் சீரழிந்த காட்டில் இருமடங்கு பரப்பில் நடலாம். அதற்கான பணம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 90 சதவீதம் மாநில நிதிக்கும் 10 சதவீதம் தேசிய நிதிக்கும் போகிறது. தலைமைத் தணிக்கையாளரின் 2013 அறிக்கை சொன்னது இது: 2006 முதல் 2012 வரை நாடு முழுக்க வர வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர், வந்தது 28,086, அதில் நடவு நடந்தது 7,281 ஹெக்டேர். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. நிலக் கணக்கும் மரக் கணக்கும்தான் இல்லை.

எங்கள் ஊர்த் தோட்டம் பற்றி எதைக் கேட்டால் உண்மை தெரியும்?

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'எத்தனை மரம் நட்டீர்கள்' என்று கேட்காதீர்கள், ஓர் எண்ணைத் தந்து முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள்: தோட்டப் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களும், எல்லை வரைபடமும் மூலைப் புள்ளிகளும், குழி அளவு எழுதிய எம்.புக் பக்கங்கள், நாற்று அனுப்பிய சீட்டுகள், இரண்டு கணக்கெடுப்புகளின் மூலத்தாள்கள். பிறகு ஜூலை மாதம் ஒருநாள் அந்தப் புள்ளிகளோடு தோட்டத்துக்குப் போய், பத்துக்கு ஒரு வரிசை எண்ணுங்கள். மூலத்தாள் இல்லை, சதவீதம் மட்டும்தான் இருக்கிறது என்று பதில் வந்தால், கணக்கெடுப்பு நடந்த தேதியையும் எடுத்தவரின் அன்றைய பயணப் பதிவையும் அடுத்த மனுவில் கேட்கலாம்.